ஐந்து பட்டன் கிட்டார்

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

மண்டபத்துலேர்ந்து பேசுறேன். இன்னைக்கு ரெண்டு விலையோட ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவில் வயாகாம்னு ஒரு பெரிய மீடியா நிறுவனம் இருந்தது, எம்டிவி சேனல் அப்ப அவங்களோடதுதான். 2006-ல அவங்க ஹார்மோனிக்ஸ்ங்கிற சின்ன கேம் கம்பெனியை 17.5 கோடி டாலர் கொடுத்து வாங்கினாங்க. 2010 டிசம்பர்ல அதே கம்பெனியை வித்தாங்க. பத்திரிகைகள்ல வந்த விலை சுமார் 50 டாலர். ஐம்பது கோடி இல்லை, ஐம்பது லட்சம் இல்லை, வெறும் ஐம்பது. அந்தக் கம்பெனி வித்துக்கிட்டிருந்த விளையாட்டோட முழு செட்டு ஒண்ணே 170 டாலர். அதாவது கடையில இருக்கிற பெட்டியை விட, அந்தப் பெட்டியைத் தயாரிச்ச கம்பெனி மலிவு.

சும்மா தூக்கிக் கொடுத்துட்டாங்கன்னு அர்த்தம் இல்லை. பாக்கி, பொறுப்பு எல்லாம் வாங்கினவங்க தலைக்குப் போச்சு. அந்த வருஷமே கைகழுவினதால வயாகாமுக்கு வரிக் கணக்குல லாபமும் இருந்தது. ஆனாலும், நாலு வருஷத்துல 17.5 கோடி எப்படி 50 ஆச்சு? அதைத்தான் பேசப் போறோம்.

கேட்கிறவங்கள்ல பாதிப் பேர் கிட்டார் ஹீரோவை விளையாடியே இருக்க மாட்டீங்க. அதனால முதல்ல அது என்னன்னு சொல்லிடுறேன். கையில பிளாஸ்டிக் கிட்டார், நிஜ கிட்டாரைவிடக் கொஞ்சம் சின்னது. தந்தி கிடையாது. கழுத்துப் பகுதியில அஞ்சு கலர் பட்டன்: பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு. தந்தியை மீட்டுற இடத்துல மேலயும் கீழயும் தட்டுற மாதிரி ஒரு கட்டை. டிவியில ஒரு ரோடு உங்களைப் பார்த்து ஓடி வரும். அதுமேல அதே அஞ்சு கலர்ல புள்ளிகள் வரும். ஒரு புள்ளி கோட்டைத் தொடுற நொடியில, அந்தக் கலர் பட்டனை அழுத்திக்கிட்டு கட்டையைத் தட்டணும். விளையாட்டு இவ்வளவுதான்.

இந்த யோசனை ஜப்பான்ல ஏற்கனவே இருந்தது. கோனாமி கம்பெனி 1997-ல பீட்மேனியா, 1998-ல டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன், 1999-ல கிட்டார் ஃப்ரீக்ஸ்னு வரிசையா ஆர்கேடுகளுக்குக் கொண்டு வந்தாங்க. மாலுக்குள்ள கேம் ஜோன்ல, மிதிச்சு ஆடுற பலகையோட ஒரு மெஷின் பார்த்திருப்பீங்களே, அந்தக் குடும்பம்தான்.

அமெரிக்காவுல ரெண்டு தரப்பு. ஒண்ணு ஹார்மோனிக்ஸ். எம்ஐடி-யில படிச்ச அலெக்ஸ் ரிகோபுலோஸ், எரான் எகோஸி ரெண்டு பேரும் 1995-ல ஆரம்பிச்சது. எகோஸி முறையா கிளாரினெட் வாசிக்கிறவர். இவங்களுக்கு ஒரே ஒரு ஏக்கம்: இசை வாசிக்கிறதுல இருக்கிற சந்தோஷத்தை, வாசிக்கத் தெரியாதவங்களுக்கும் எப்படிக் கொடுக்கிறது? 2001-ல ஃப்ரீக்வென்சி, 2003-ல ஆம்ப்ளிட்யூட்னு ரெண்டு கேம் பண்ணாங்க. விமர்சகர்கள் பாராட்டினாங்க, கடையில ஓடல.

இன்னொண்ணு ரெட்ஆக்டேன். கலிஃபோர்னியாவுல காய் ஹுவாங், சார்லஸ் ஹுவாங்னு அண்ணன் தம்பி. முதல்ல ஆன்லைன்ல கேம் வாடகைக்கு விட்டாங்க, அப்புறம் டான்ஸ் கேமுக்கு மிதிக்கிற பலகை வித்தாங்க. இவங்க நமக்குக் கொஞ்சம் சொந்தக்காரங்க. ரெட்ஆக்டேனுக்கு சென்னையில ஒரு கேம் தயாரிப்பு நிறுவனத்துல பெரும்பான்மைப் பங்கு இருந்தது. உலகம் முழுக்க பிளாஸ்டிக் கிட்டாரோட குதிச்சுக்கிட்டிருந்தப்போ, அதுக்குப் பின்னாடி இருந்த கம்பெனியோட ஒரு கை சென்னையிலயும் இருந்திருக்கு. நம்ம ஊர்ல கேம் டெவலப்மென்ட் பத்திப் பேசுறவங்ககூட இதைச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

ரெட்ஆக்டேனுக்கு பிளாஸ்டிக் சாமான் செய்யத் தெரியும், ஹார்மோனிக்ஸுக்கு இசையை விளையாட்டா மாத்தத் தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்து, சுமார் பத்து லட்சம் டாலர் பட்ஜெட்ல பண்ணினது கிட்டார் ஹீரோ. பெரிய கேம்களோட ஒப்பிட்டா இது டீக்காசு. 2005 நவம்பர்ல, பிளேஸ்டேஷன் 2-க்கு, கிட்டாரோட சேர்த்து 70 டாலருக்கு வந்தது. ஒரிஜினல் ரெக்கார்டிங் வாங்கக் காசு இல்லாததால பெரும்பாலான பாட்டை வேற ஆளுங்களை வெச்சு திரும்ப வாசிக்க வெச்சுப் பதிவு பண்ணாங்க.

இங்க கொஞ்சம் நின்னு சொல்லணும். இந்த கேமோட சூட்சுமம் அந்த கிட்டார்ல இல்லை, சத்தத்துல இருக்கு. சரியா தட்டினா பாட்டு ஓடும். தப்பா தட்டினா பாட்டுக்குள்ள இருக்கிற கிட்டார் மட்டும் நின்னு போயிடும். டிரம்ஸ் ஓடும், பேஸ் ஓடும், பாடகர் பாடுவார். நடுவுல கிட்டார் இருந்த இடத்துல ஒரு ஓட்டை. அப்பத்தான் உங்களுக்கு உறைக்கும், அங்க ஒருத்தன் வாசிச்சுக்கிட்டிருந்தான்னு. நூறு தடவை கேட்ட பாட்டுல நீங்க கவனிக்கவே கவனிக்காத ஒரு இழை, அது அறுந்தப்போ காதுக்குத் தெரியுது. திரும்ப சரியா தட்டினா அது எழுந்து வருது. நீங்கதான் அதைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கீங்கங்கிற உணர்வு, அஞ்சு பட்டன்ல.

இதுக்கு எதிரா அப்பவே ஒரு வாதம் இருந்தது, இப்பவும் இருக்கு. “இது போலி. இவ்வளவு நேரம் இதுல செலவழிக்கிறதுக்கு நிஜ கிட்டார் கத்துக்கலாமே.” நிறைய கிட்டார் கலைஞர்களே இப்படிச் சொன்னாங்க. எனக்கு இந்த வாதம் ஒத்துவரல. ஏன்னு சொல்றேன்.

டிசம்பர் சீசன்ல சபாவுக்குப் போயிருக்கீங்களா? மூணாவது வரிசையில ஒரு மாமா உட்கார்ந்திருப்பார். கச்சேரி தொடங்கினதுலேர்ந்து தொடையில தாளம். ஒரு தட்டு, மூணு விரல் எண்ணிக்கை, தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. ஆதி தாளம், எட்டு அட்சரம். தனி ஆவர்த்தனம் வந்ததும் சுத்தி உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்குத் தாளம் தவறிடும், மிருதங்கக்காரர் எங்க போறார்னே தெரியாது. இவர் கை மட்டும் அசையாம அதே கணக்குல போகும். கடைசியில தீர்மானம் வந்து சரியா விழுற இடத்துல ஒரு சின்னத் தலையாட்டல் போடுவார். அவருக்குப் பாட வராது, மிருதங்கம் வாசிக்க வராது. ஆனா அந்த அரங்கத்துலயே நல்லா கேட்கிறவர் அவர்தான். யாராவது அவர்கிட்ட போய், “மாமா, இவ்வளவு நேரம் தாளம் போடுறதுக்கு மிருதங்கம் கத்துக்கலாமே”ன்னு சொல்வாங்களா?

கிட்டார் ஹீரோ கத்துக் கொடுத்தது வாசிக்கிறதை இல்லை, அந்த மாமா மாதிரிக் கேட்கிறதை. ஒரே வித்தியாசம், மாமா தாளம் தப்பினா யாருக்கும் தெரியாது. இங்க தப்பினா வீடே கேட்கும்.

எங்க ஊர்ப் பக்கம் இன்னொரு உதாரணம் இருக்கு. கரைவலை இழுக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? வலையோட ரெண்டு முனையிலயும் நீளமான கயிறு, ரெண்டு பக்கமும் வரிசையா ஆளுங்க. ஆளுக்கொரு நேரத்துல இழுத்தா பலம் வீணாப்போகும், வலை நகராது. அதுக்குத்தான் அம்பாப் பாட்டு. ஒருத்தர் அடி எடுத்துக் கொடுப்பார், மத்தவங்க பதில் சொல்லிக்கிட்டே அந்தச் சொல்லோட அழுத்தத்துல கயித்தை இழுப்பாங்க. அதுல பாடகர் வேற, கேட்கிறவர் வேறன்னு கிடையாது. எல்லார் கையும் ஒரே நேரத்துல பாட்டுக்கு வேலை செய்யணும். இயந்திரப் படகும், வலை இழுக்கிற விஞ்சும் வந்த பிறகு அந்தப் பாட்டுக்கு வேலை குறைஞ்சது. ஸ்பீக்கர்லேர்ந்து வர்ற பாட்டை சும்மா உட்கார்ந்து கேட்கிறதுதான் இப்ப நமக்கு இசைன்னு ஆயிடுச்சு. அந்தப் பழக்கத்தை உடைச்சு, கையை மறுபடி பாட்டுக்குள்ள விட்டதுனாலதான் அந்தப் பிளாஸ்டிக் சாமானை நான் மதிக்கிறேன்.

சரி, கதைக்கு வருவோம். கேம் பிச்சுக்கிட்டுப் போச்சு. 2006 மே மாசம் ஆக்டிவிஷன் நிறுவனம் ரெட்ஆக்டேனை சுமார் 10 கோடி டாலருக்கு வாங்குறதா அறிவிச்சது. கொஞ்ச மாசத்துல வயாகாம் ஹார்மோனிக்ஸை வாங்கிடுச்சு. கவனிங்க: ஒரே கேமைப் பண்ணின ரெண்டு பேர், இப்ப ரெண்டு எதிர் முகாம்ல. கிட்டார் ஹீரோங்கிற பேர் ஆக்டிவிஷன்கிட்ட, அதை யோசிச்ச மூளை எம்டிவிகிட்ட. குடும்பச் சொத்தைப் பாகம் பிரிச்ச மாதிரி.

ஆக்டிவிஷன் வேற ஒரு ஸ்டுடியோவை வெச்சு 2007 அக்டோபர்ல கிட்டார் ஹீரோ 3 கொண்டு வந்தாங்க. தனி கேம் ஒண்ணு நூறு கோடி டாலர் விற்பனையைத் தாண்டினது அதுதான் முதல்னு பின்னாடி அறிவிச்சாங்க. டிராகன்ஃபோர்ஸ்னு ஒரு இசைக்குழு வாசிச்ச ஒரு பாட்டு அதுல உண்டு, கண்ணுக்குக் கலர் தெரியாத வேகம். இன்னைக்கும் யூட்யூப்ல அதை முழுசா தப்பில்லாம வாசிச்சுக் காட்டுறவங்க இருக்காங்க. அதே வருஷம் நவம்பர்ல ஹார்மோனிக்ஸ் ராக் பேண்ட் விட்டாங்க. கிட்டார், நாலு பேடும் ஒரு பெடலும் உள்ள டிரம்ஸ், மைக். வீட்டு ஹால்லயே முழு இசைக்குழு.

டிரம்ஸ் விஷயத்துல ஒரு குறிப்பு. கிட்டார் பொம்மைதான், ஒத்துக்கிறேன். ஆனா அந்த டிரம்ஸ் நிஜத்துக்கு ரொம்பப் பக்கம். வலது கை ஒரு கணக்கு, இடது கை ஒரு கணக்கு, கால் ஒரு கணக்குன்னு பிரிக்கப் பழகிட்டா, அந்தப் பழக்கம் நிஜ டிரம்ஸ்லயும் கூட வரும்.

இன்னொரு தலைவலியும் அதே காலத்துல வந்தது. பழைய டப்பா டிவி போய் எல்சிடி வர ஆரம்பிச்ச நேரம். எல்சிடி படத்தைக் காட்டக் கொஞ்சம் தாமதிக்கும், ஒரு நொடியில சின்னப் பங்கு. சீரியல் பார்க்க அது பிரச்சினையே இல்லை. தாளத்துக்கு அது கொலை. நீங்க சரியாத்தான் தட்டுவீங்க, டிவி லேட். அதனால கேமுக்குள்ளயே நேரம் சரிபண்ணுற வசதி வெச்சாங்க. ராக் பேண்ட் 2-வோட கிட்டார்ல அதுக்குன்னே ஒளியையும் ஒலியையும் உணர்ற சென்சார் இருந்தது. கிட்டாரை டிவி முன்னாடி பிடிச்சா அதுவே கணக்குப் போட்டுக்கும். பொம்மைக்குள்ள இவ்வளவு அக்கறையான வேலை.

இப்ப விழுந்த கதை. “ஜனங்களுக்கு போரடிச்சிருச்சு”ன்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. போரடிச்சது உண்மைதான், ஆனா போரடிக்க வெச்சது யார்?

2009-ஐப் பாருங்க. ஆக்டிவிஷன் அந்த ஒரு வருஷத்துல பெரிய கன்சோல்களுக்கு மட்டும் கிட்டார் ஹீரோ மெட்டாலிகா, ஸ்மாஷ் ஹிட்ஸ், கிட்டார் ஹீரோ 5, வான் ஹாலன், பேண்ட் ஹீரோ, டிஜே ஹீரோன்னு ஆறு விட்டாங்க. டிஜே ஹீரோவுக்குத் தனியா ஒரு பிளாஸ்டிக் இசைத்தட்டு வேற. எதிர்ப்பக்கம் தி பீட்டில்ஸ் ராக் பேண்ட், லெகோ ராக் பேண்ட். ஒரே தீபாவளிக்கு எட்டுப் படம் ரிலீஸ் பண்ணிட்டு, தியேட்டர் ஏன் காலியா இருக்குன்னு கேட்ட மாதிரி. அமெரிக்காவுல இந்த வகை கேம்களோட விற்பனை 2008-ல உச்சத்துல இருந்தது, 2009-ல கிட்டத்தட்ட பாதியாச்சு.

இதுல அடிப்படையா ஒரு முரண்பாடு இருக்கு. பிளாஸ்டிக் கிட்டாரை ஒரு தடவை வாங்கினா போதும், அது எங்கேயும் போகாது. அடுத்து வேணுங்கிறது புதுப் பாட்டுதான். ஆனா கம்பெனிக்குப் பெரிய வரவு பெரிய பெட்டியில இருந்தது. அதனால திரும்பத் திரும்பப் பெட்டி வித்தாங்க. அலமாரியில ஏற்கனவே ரெண்டு கிட்டார் வெச்சிருக்கிறவன் மூணாவதை எங்க வைப்பான்? கடைக்காரருக்கும் அதே கஷ்டம். ஒரு டிரம்ஸ் பெட்டி அடைக்கிற இடத்துல டிஸ்க் பெட்டி எத்தனை அடுக்கலாம்! அதுக்கு மேல 2008-லேர்ந்து பொருளாதார மந்தம். வேலை போகுமோன்னு பயந்துக்கிட்டிருக்கிற குடும்பம் 170 டாலருக்கு பிளாஸ்டிக் டிரம்ஸ் வாங்குமா?

ராக் பேண்ட் காரங்க பாட்டை ஒவ்வொண்ணா ஆன்லைன்ல விக்கிற வழியைப் பிடிச்சது புத்திசாலித்தனம்னு நான் நினைக்கிறேன். ஆனா அந்தப் பணத்துல மியூசிக் கம்பெனிகளுக்கும் பங்கு போகணும். வார்னர் மியூசிக் தலைவர் எட்கர் பிரான்ஃப்மேன் 2008-லயே வெளிப்படையாக் குறைபட்டுக்கிட்டார், எங்க பாட்டை வெச்சு நீங்க சம்பாதிக்கிறீங்க, எங்களுக்கு வர்றது ரொம்பக் கம்மின்னு. ஆக்டிவிஷன் தலைவர் பாபி கோடிக்கோட நிலைப்பாடு அதுக்கு நேர் எதிர்: எங்க கேம்ல வந்தா உங்க பாட்டுக்குத்தான் விளம்பரம். ரெண்டு பேரும் சொன்னதுல பாதி உண்மை இருந்தது. இதுல கிட்டார் சண்டை வேற. பிளேஸ்டேஷன் 3-ல ஆரம்பத்துல கிட்டார் ஹீரோ 3-க்கு வாங்கின கிட்டார் ராக் பேண்ட்ல வேலை செய்யல. காசு கொடுத்து வாங்கினவனை நடுவுல நிக்க வெச்சு ரெண்டு கம்பெனியும் மோதிக்கிட்டாங்க.

2010 பிப்ரவரியில ரெட்ஆக்டேனை மூடுறதா முடிவாச்சு. அக்டோபர்ல ராக் பேண்ட் 3. போலின்னு சொன்ன விமர்சனத்துக்கு ஹார்மோனிக்ஸ் சொன்ன பதில் அது. 25 கட்டை உள்ள கீபோர்டு, 102 பட்டன் உள்ள கிட்டார்: ஆறு தந்தி, பதினேழு ஃப்ரெட், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பட்டன். அப்புறம் நிஜத் தந்தி போட்ட கிட்டாரே கேமுக்கு வேலை செய்யுற மாதிரி. மரியாதையான முயற்சி. ஆனா வந்தவங்க எதுக்கு வந்தாங்க? அத்தை பையன் கிட்டார், பக்கத்து வீட்டு அக்கா டிரம்ஸ், பெரியப்பா மைக்குன்னு ஞாயித்துக்கிழமை கூத்தடிக்க வந்தாங்க. அவங்க கையில 102 பட்டனைக் கொடுத்தா? டிசம்பர்ல அந்த 50 டாலர் விற்பனை. 2011 பிப்ரவரி 9, ஆக்டிவிஷன் கிட்டார் ஹீரோ பிரிவையே மூடிச்சு. மொத்தமா 500 பேருக்கு வேலை போகும்னு அதே அறிவிப்புல சொன்னாங்க. முதல் கேம் வந்து அஞ்சேகால் வருஷம்தான்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை. நம்ம பக்கம் என்ன ஆச்சு?

பெட்டி இங்க பெருசா வரவே இல்லை. சோனி 2007-ல சிங்ஸ்டார் பாலிவுட்னு மைக்ல பாடுற கேம் விட்டாங்க, அது இந்திப் பாட்டு. கன்சோல் வெச்சிருந்த வீடு குறைவு. ராமநாதபுரம் மாவட்டத்துல பிளாஸ்டிக் கிட்டார் வித்த கடையை நான் பார்த்ததில்லை. ஆனா விளையாட்டு வந்துச்சு, பென் டிரைவ்ல.

ஃபின்லாந்துல சில பேர் சேர்ந்து 2006-ல ஃப்ரெட்ஸ் ஆன் ஃபயர்னு ஒரு இலவச கேம் பண்ணாங்க. அந்த வருஷம் அசெம்பிளிங்கிற கணினி விழாவுல கேம் போட்டியில ஜெயிச்சது அதுதான். கிட்டார் ஹீரோவோட அச்சு அசல், ஆனா கிட்டார் வேண்டாம். கம்ப்யூட்டர் கீபோர்டை ரெண்டு கையிலயும் தூக்கி, கிட்டார் மாதிரி நெஞ்சுக்குக் குறுக்க பிடிச்சுக்கணும். எஃப்1 முதல் எஃப்5 வரைக்கும் அஞ்சு விரல் இடம், என்டர் கீதான் தந்தி.

நான் இதை விளையாடினது ராமநாதபுரத்துல ஒரு ப்ரௌசிங் சென்டர்ல. ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டிட்டு நாலு பேர் ஒரு கேபின்ல. கீபோர்டு வயர் குட்டை, அதனால வாசிக்கிறவன் சிபியுவை ஒட்டி, முதுகை வளைச்சு நிக்கணும். கடை அண்ணன் அங்கேர்ந்தே கத்துவார்: “டேய் தம்பி, கீழ வைங்கடா, பின்னு வளைஞ்சிரும்!” மலிவு கீபோர்டுல இன்னொரு கூத்து, மூணு கீயை ஒண்ணா அழுத்தினா சில சேர்மானத்துல மூணாவது கீ பதிவே ஆகாது. எஃப்1, எஃப்3 ரெண்டையும் பிடிச்சுட்டு என்டர் தட்டினா எதுவும் நடக்காது. அந்த இடத்துல எவ்வளவு திறமை இருந்தும் தோல்விதான். அதனால எங்களுக்குள்ள ஒரு விதி: அந்தக் கட்டம் வந்தா சுத்தி நிக்கிறவங்க வாயால கிட்டார் சத்தம் கொடுக்கணும்.

தமிழ்ப் பாட்டு போடலாமான்னு ஆசை வராம இருக்குமா? அந்த கேம்ல ஒரு பாட்டைச் சேர்க்கணும்னா கிட்டாருக்குத் தனி ஆடியோ ஃபைல், மீதி இசைக்குத் தனி ஃபைல், எந்த நேரத்துல எந்தக் கலர்ங்கிற குறிப்புக்கு ஒரு ஃபைல் வேணும். எங்க செட்டுல ஒருத்தன் ‘இளைய நிலா’வை எடுத்தான். 1982, பயணங்கள் முடிவதில்லை, இளையராஜா. கிட்டாருக்குன்னே மனசுல நிக்கிற பாட்டு, வேற எதை எடுப்பான்? ராத்திரியெல்லாம் உட்கார்ந்து குறிப்பு எழுதினான். ஆனா கிட்டாரைத் தனியாப் பிரிக்க வழி இல்லை. முழுப் பாட்டையும் கிட்டார் ஃபைல்னு போட்டான். விளைவு, நாம ஒரு நோட்டு தப்பினா கிட்டாரோட சேர்ந்து எஸ்.பி.பி.யும் வாயை மூடிக்குவார். அவ்வளவு சிரிச்சோம்.

சிரிப்பு ஒரு பக்கம், அதுல ஒரு நிஜமான விஷயம் இருக்கு. இந்த வகை கேமுக்கு உயிரே தனித்தனி டிராக். மேற்கத்திய ராக் பாட்டுகள்ல ஒவ்வொரு வாத்தியமும் தனி டிராக்கா பதிவாகியிருக்கும். அங்கயே சிக்கல்தான். கிட்டார் ஹீரோ 3-க்காக செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவோட பழைய பாட்டு ஒண்ணுக்கு மூல டிராக் கிடைக்காம, அந்தக் குழுவே திரும்ப வந்து வாசிச்சுக் கொடுத்தாங்க. நம்ம பழைய சினிமாப் பாட்டு பெரும்பாலும் வயலின் கோஷ்டி, தபலா, கிட்டார், பாடகர்னு எல்லாரையும் ஒண்ணா உட்கார வெச்சு ஒரே மூச்சுல எடுத்தது. அதோட அழகே அதுதான். ஆனா அதுக்குள்ள போய் ஒருத்தரை மட்டும் மௌனமாக்க முடியாது. தமிழ்ல ஒரு கிட்டார் ஹீரோ வராததுக்குக் காசு, சந்தை எல்லாம் காரணம்தான். பாட்டு பதிவான விதத்தையும் அந்தப் பட்டியல்ல சேர்க்கணும். இப்ப ஏஐ வெச்சு பாட்டுலேர்ந்து வாத்தியத்தைப் பிரிக்கிற மென்பொருள் போன்லயே கிடைக்குது. அன்னைக்கு அந்தப் பையன் கையில அது இருந்திருக்கணும்.

பின்கதை சுருக்கமா. 2015 அக்டோபர்ல ராக் பேண்ட் 4-ம் கிட்டார் ஹீரோ லைவும் ஒரே மாசத்துல வந்து மறுபடி மோதிக்கிட்டது. கிட்டார் ஹீரோ லைவ்ல பெரும்பாலான பாட்டு ஆன்லைன்ல ஓடினது. 2018 டிசம்பர்ல சர்வரை நிறுத்தினாங்க. நூத்துக்கணக்கான பாட்டு போய், டிஸ்க்ல இருந்த 42 மட்டும் மிச்சம். எனக்கு இந்த மொத்தக் கதையிலயே கோபம் வர்ற இடம் இதுதான். பிளாஸ்டிக் கிட்டார் அலமாரியில அப்படியே இருக்கு, உடையல, மக்கல. காசு கொடுத்து வாசிச்ச பாட்டுதான் காணோம். 2025 அக்டோபர்ல ராக் பேண்ட் 4-ஐயும், பாட்டு உரிமம் முடிஞ்சதால, கடைகள்லேர்ந்து எடுத்துட்டாங்க. ஏற்கனவே வாங்கினவங்க விளையாடலாம், புதுசா வாங்க முடியாது.

ஆனா ஆளுங்க விடல. க்ளோன் ஹீரோன்னு ஒரு இலவச கேம், ரசிகர்களே குறிப்பு எழுதி ரசிகர்களே வாசிக்கிறது, இன்னைக்கும் உயிரோட இருக்கு. பழைய கிட்டார்களைத் தேடிப் பிடிச்சு, பிரிச்சு, பட்டன் மாத்தி வாசிக்கிறாங்க. கிட்டார் இல்லைன்னா கீபோர்டும் போதும். ஹார்மோனிக்ஸை 2021-ல எபிக் கேம்ஸ் வாங்கினாங்க, 2023 டிசம்பர்லேர்ந்து ஃபோர்ட்நைட்டுக்குள்ளயே ஃபெஸ்டிவல்னு அதே புள்ளி, அதே ரோடு ஓடுது. 2024-ல புதுசா பிளாஸ்டிக் கிட்டார் மறுபடி கடைக்கு வந்தது. 2025-ல ரெட்ஆக்டேன்ங்கிற பேரையே தூசி தட்டி எடுத்து ஒரு புது ஸ்டுடியோ தொடங்கியிருக்காங்க, ஹுவாங் சகோதரர்கள் அதுக்கு ஆலோசகர்கள்.

கடைசியா ஒரு வேண்டுகோள். ரெட்ஆக்டேனோட சென்னை ஆபீஸ்ல அந்தக் காலத்துல வேலை பார்த்தவங்க யாராவது இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, இல்லை உங்க அண்ணன், அக்கா, சித்தப்பா யாராவது அங்க இருந்திருந்தா, எங்களுக்கு எழுதுங்க. அங்க என்ன வேலை நடந்தது, மதிய சாப்பாட்டு நேரத்துல யார் டிரம்ஸ் வாசிச்சாங்க, மூடுற செய்தி எப்படி வந்து சேர்ந்தது, எல்லாம் கேட்கணும். அதை வெச்சு இன்னொரு எபிசோட் பண்ணலாம்.